மணல் பரப்பிய திண்ணை

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க விரும்பும் பெற்றோர் இந்நாளில் நகரங்களில் பெருகி வருகிறார்கள். அவர்களுள் பலர் பாடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே பாடம் நடத்தும் அறையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். மேசைக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு ஆகும், சுவரில் மாட்டும் வெள்ளைப் பலகை அவசியந்தானா, புத்தக அலமாரியைத் தச்சனிடம் செய்யச் சொல்வதா கடையில் வாங்குவதா என்று பட்டியல் போட்டுப் பார்த்து, கையிருப்பு போதாதென்று கண்டு, எண்ணத்தையே ஒத்திப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. குறைந்த செலவில் வீட்டில் ஒரு பள்ளி அமைப்பது எப்படி என்ற இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஏட்டில் விடை எழுதி வைக்கவில்லை. வீட்டின் முகப்பிலேயே கட்டி வைத்திருந்தார்கள். அதன் சரித்திரத்தைச் சோழநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து சொல்வதுதான் வழக்கம். நான் அதை முத்துக்குளித்துறையின் கரையிலிருந்து, கீழவைப்பாரிலிருந்து சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் கல்விக்கு வேண்டிய பொருள்களுள் மிக மலிவானவை எவை, மிக அரியவை எவை என்பது அந்தக் கரையில் நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது.

மேற்கு மலைத்தொடரில் பிறந்து, சாத்தூர் வழியாகக் கரிசல் காட்டைக் கடந்து, ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும் வைப்பாறு, மன்னார் வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது கீழவைப்பார். பக்கத்து ஊருக்குச் சிப்பிகுளம் என்று பெயர். வடக்கே வேம்பார், தெற்கே தூத்துக்குடி. சுற்றிலும் உப்பளம், பனங்காடு, கடல். பரதவர்களின் பெருந்துறைகள் ஏழு என்று எண்ணும் பழைய கணக்கில் மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டணம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பார் ஆகியவற்றோடு வைப்பாரும் ஒன்று. கடலுக்குள் ‘பார்’ என்று வழங்கும் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் இக்கரையில் பொன் புரண்டது; விளையாத ஆண்டுகள் அவற்றினும் பலவாக இருந்தபடியால், மூச்சடக்கி மூழ்கிய குளியாட்களின் வீடுகளில் வறுமையும் அந்தப் பொன்னுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது.

இந்தத் துறைகளுக்கு 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1530-களின் நடுவில், பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பெற்றார்களே யொழிய, தாங்கள் ஏற்றுக்கொண்ட சமயத்தின் அரிச்சுவடியை அவர்களுக்குச் சொல்லித் தர ஒருவரும் இல்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, விசுவாச மந்திரத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்பு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். கட்டடம் கிடையாது, பலகை கிடையாது, புத்தகமும் கிடையாது. பள்ளி என்று சொல்லத்தக்கதாக அங்கிருந்தவை அந்த மணியும் மனப்பாடமுமே.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய நீண்ட கடிதம் இதை விவரிக்கிறது. நாளுக்கு இருமுறை பிள்ளைகளைக் கூட்டியதையும், ஒரு மாத காலம் இடைவிடாமல் மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்ததையும் சொல்லிவிட்டு, பிள்ளைகள் தாம் கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய்தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லித்தர வேண்டுமென்று கட்டளையிட்டதை அவர் குறிப்பிடுகிறார். ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஊருக்கு மந்திரங்களின் படி ஒன்றை விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கேட்டே பாடம் பண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டைப் பள்ளியாக்குவதில் இதைவிடச் சிக்கனமான திட்டத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்: ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆசிரியர் உண்டு, அவருக்கு வயது எட்டோ ஒன்பதோ, சம்பளம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே கடிதத்தில், பெற்றோர் பழைய வழிபாட்டை இரகசியமாகச் செய்தால் பிள்ளைகள் ஓடிவந்து தெரிவித்ததையும், விக்கிரகங்களை உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணச்செலவு இல்லாத அந்தப் பள்ளிக்காக வீடுகள் கொடுத்த விலையில் இதுவும் சேரும். தகப்பன் பிள்ளையிடம் பாடம் கேட்கும் வீட்டில் சந்தோஷத்தைப் போலவே சங்கடமும் இருந்திருக்கும்.

சவேரியார் ஒருவரே எல்லாத் துறைகளிலும் தங்க முடியாதாகையால், ஊருக்கு ஒருவரைக் கணக்கப்பிள்ளை என்று நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், பிறப்பு இறப்பு விவாகங்களைக் கவனிப்பதும், குருவானவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சபையை நடத்துவதும் அவர் பொறுப்பு. பின்னாளில் உபதேசியார் என்று இக்கரையூர்களில் மரியாதையோடு அழைக்கப்பட்டவர்களின் முன்னோர் இவர்களே. இவர்களுக்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும். முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகீசிய அரசி காத்தரீனின் பாதுகைச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொகையை ஆசிரியர்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் கேட்டுப் பெற்றார். இக்கரைப் பிள்ளைகளைவிட நல்ல பாதுகை மோட்சத்துக்கு ஏறுவதற்குத் தங்களுக்குக் கிடைக்காது என்ற கருத்துப்பட அரசிக்கு அவர் எழுதினார் என்பர். கேட்கும் கலையில் இது ஒரு நேர்த்தியான மாதிரி. கல்விக்கு மானியம் வேண்டி அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இன்றும் இதைப் பயிலலாம். மணலும் மரநிழலும் தாமே கிடைத்தன. சொல்லிக் கொடுப்பவரின் அடுப்பு எரிவதற்குத்தான் கடல் கடந்து பணம் தேட வேண்டியிருந்தது.

பிறகு அச்சு வந்தது. தமிழை ரோமன் எழுத்தில் வைத்து ஒரு சிறு மறைநூல் 1554-இல் லிஸ்பனில் அச்சாயிற்று. புன்னைக்காயலில் நெடுங்காலம் தங்கித் தமிழிலக்கணம் எழுதிய அன்றிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபரில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே, பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. இம்முயற்சிக்குப் பரதவ மக்களே பொருள் உதவினர். இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்செழுத்துக் கண்டது தமிழ் என்ற பெருமையை நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் அந்தப் பெருமை வைப்பாரின் ஒரு குடிசைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்று பார்த்தால், மிகச் சிறிதளவே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சுப் பிரதிகள் சில. படிக்கத் தெரிந்தவர் அவற்றினும் சிலர். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு இக்கரையிலும் சரி, உள்நாட்டிலும் சரி, பிள்ளைகள் எழுத்துக் கற்றது மணலிலும் பனையோலையிலுந்தான்.

அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தெருவை நோக்கிய வீட்டின் முகப்பில், கூரையின் இறவாரம் நிழலிடும் அகலமான மேடை திண்ணை. வழிப்போக்கர் படுப்பதற்கும், வீட்டுப் பெரியவர்கள் வழக்குப் பேசுவதற்கும், தானியம் உலர்த்துவதற்கும் உரிய அதே இடம், காலை வேளையில் பள்ளியாக மாறும். ஊரில் வசதியுள்ள ஒருவர் தம் பிள்ளைகளுக்காக உபாத்தியாயர் ஒருவரை வரவழைத்து வைப்பார். அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சில இடங்களில் உபாத்தியாயரின் சொந்தத் திண்ணையே பள்ளி; கோயில் மண்டபமும் சத்திரமும் மரத்தடியும் பள்ளியான இடங்கள் பல. வாடகை என்ற பேச்சே இல்லை. விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்து வித்தியாரம்பம் செய்தபின், பிள்ளை திண்ணைக்கு வந்து மணலில் உட்காரும்.

மணலில் எழுதுவது வறுமையால் நேர்ந்த ஏற்பாடு மட்டும் அல்லவென்று எனக்குத் தோன்றுகிறது. உபாத்தியாயர் ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். பிள்ளை அதன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலால் அதன் மேலேயே எழுதி எழுதிப் பழகும். கண்ணும் காதும் வாயும் விரலும் ஒரே சமயத்தில் ஓர் எழுத்தின் மேல் குவியும். பிழை செய்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். காகிதத்தில் விழுந்த பிழை கிடந்து உறுத்துவதுபோல் அங்கே ஒன்றும் உறுத்தாது. எழுத்துகள் கைவந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். தேரிக்காட்டிலும் கடற்கரையிலும் பனை ஏராளமாகையால், திருநெல்வேலிச் சீமையில் ஓலைக்குப் பஞ்சமில்லை. பதமான ஓலையை வெட்டி, உலர்த்தி, பக்குவப்படுத்தி, கூழாங்கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி ஆயிற்று. கீறிய எழுத்து கண்ணுக்குப் புலப்படாதாகையால், கோவையிலையையோ ஊமத்தையிலையையோ கசக்கிச் சாறெடுத்து விளக்குக் கரியோடு குழைத்துத் தடவுவார்கள். துடைத்தபின் கீறலுக்குள் மட்டும் கறுப்பு நின்று எழுத்துத் துலங்கும். தன் பாடப் புத்தகத்தைத் தானே எழுதித் தானே மையிட்டுத் தயாரித்துக்கொள்ளும் மாணவன், அதைப் படிக்கத் தொடங்குமுன்பே பாதி படித்து முடித்தவனாகிறான்.

பாடங்கள் பெரும்பாலும் சிறிய செய்யுள்கள்: ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, மேலே போனால் நிகண்டு. அவற்றுக்குச் சமமாக, பல இடங்களில் அவற்றினும் மேலாக, எண்சுவடி. முந்திரியென்பது முந்நூற்றிருபதில் ஒன்று, காணியென்பது எண்பதில் ஒன்று, மாவென்பது இருபதில் ஒன்று என்று பின்னங்களின் படிக்கட்டில் ஏறி, அவற்றைப் பெருக்கும் வாய்பாடுகளைக் காலையும் மாலையும் கூட்டமாகக் கத்தி மனப்பாடம் செய்வார்கள். இக்காலத்துப் பெற்றோர்க்கு இது கொடுமையாகப் படலாம். ஆனால் நெல்லை அளந்து வாரம் கொடுக்கும் நாட்டில் முந்திரிக் கணக்குத் தவறினால் வயிறு காயும். முத்துக் கரையிலோ கணக்கின் கண்டிப்பு இன்னும் கூடுதல். குளித்தெடுத்த முத்துகளை இருபது முதல் ஆயிரம் வரை துளைகளுள்ள பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துப் பருமன் பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி, கலிப்பு, குறவல் என்று ஜாதி பிரிப்பார்கள். கடைசியில் எஞ்சுவது தூள். மஞ்சாடியில் நிறுத்த எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறையை அடிப்படையாகக் கொண்ட ‘செவ்வு’ என்னும் கணக்கால் உயர்ந்த முத்துகளின் விலை தீரும். எடை இரட்டித்தால் விலை நான்கு மடங்காகும் இந்தக் கணக்கைக் காகிதமின்றி மனத்தாலேயே போடும் வணிகன் எதிரில் நிற்க, அவனுக்கு நிகராகக் கணக்குத் தெரியாத குளியாள் தன் பங்குச் சிப்பியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு போவான். எண்சுவடி கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கரையில் ரூபாய் அணாவிலேயே தெரிந்தது.

ஓர் உபாத்தியாயர், பல வயதுப் பிள்ளைகள், ஒரே திண்ணை. இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டாம்பிள்ளை என்னும் ஏற்பாடு இருந்தது. முன்னேறிய மாணவன் பின்தங்கியவர்களுக்குப் பாடம் சொல்லி, முறை கேட்டு, உபாத்தியாயர் இல்லாதபோது பிரம்பையும் பிடிப்பான். விடியுமுன்னரே வந்து சேர வேண்டும் என்பது கட்டுப்பாடு. பெல்லாரி கலெக்டராயிருந்த கேம்பல் 1823-இல் எழுதிய அறிக்கையில் ஒரு விநோதமான வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்: முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதிக் கௌரவிப்பார்கள், இரண்டாவது வருகிறவனுக்குப் புகழுமில்லை இகழுமில்லை என்று காட்டுவதற்காகச் சுழி, மூன்றாவது வருபவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு ஒன்றொன்றாக ஏறிக்கொண்டே போகும். தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் இதையொத்த முறை உண்டு, உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் தம் இளமைப் பள்ளியைச் சொல்லுமிடத்தில் பிரம்பும் இருக்கிறது, வேடிக்கையும் இருக்கிறது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளை நினைக்கும்போது, பழையதெல்லாம் பொன்னென்று பேசுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இந்தத் திண்ணையை ஐரோப்பா பார்த்துவிட்டது. இத்தாலியப் பிரயாணியான பியேத்ரோ தெல்லா வால்லே 1623-இல் கன்னட நாட்டில் சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைத் தூவி விரலால் எழுதிக் கணக்குப் படிப்பதை வியந்து எழுதினார். அவர் வியப்போடு நின்றார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் வியப்போடு நிற்கவில்லை. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான ஆசிரமத்தை 1789 முதல் நடத்திவந்த அவர், ஒருநாள் காலை குதிரையேறிப் போகையில், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிக்கும் ஒரு பள்ளியைக் கண்டார். திரும்பி வந்து தம் ஆசிரியர்களிடம் அதையே செய்யச் சொன்னார். அவர்கள் முடியாதென்று சாதித்தார்கள். உடனே எட்டு வயதுச் சிறுவனான ஜான் பிரிஸ்கன் என்பவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாததை அவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் லண்டனின் ஏழைப்பிள்ளைகளுக்கு மணற்பலகைகளில் எழுத்துக் கற்பித்தார். இது யாருடைய கண்டுபிடிப்பு என்று இவ்விருவரின் கட்சியாரும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்களாம்! நம் சட்டாம்பிள்ளைக்கு அந்தச் சண்டையில் ஒரு வாய்தா கூடக் கிடைக்கவில்லை. 1832-இல் பெல் இறந்தபோது கல்விக்கென்று விட்டுச்சென்ற தொகை 1,20,000 பவுன். அதன் ஒரு பகுதியால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்ற பெயரோடு நடக்கிறது. சிக்கனமான பள்ளிமுறைக்கு ஆன அதிகச் செலவு அதன் ஞாபகார்த்தத்துக்குத்தான் போலும்.

பெல் ஊர் திரும்பிய கால் நூற்றாண்டுக்குப் பின், கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் இராஜதானி முழுவதிலும் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்களின் விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று காண்கிறோம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று இது கணக்காகிறது. அக்குறிப்பில் பலர் கவனியாமல் விடுவது வேறொன்று. சென்னை நகரத்தில் பள்ளியில் படித்த பிள்ளைகள் 5,523 பேர். வீட்டிலேயே படித்தவர்களோ ஏறத்தாழ 27,000 பேர், அதாவது ஐந்து மடங்கு. மன்றோவுக்கே இந்தத் தொகையில் ஐயம் உண்டாயிற்று. எங்கோ பிழை நேர்ந்திருக்கலாம் என்று எழுதினார். ஆனாலும் தகப்பனிடமும் மாமனிடமும் வீட்டுக்கு வரும் வாத்தியாரிடமும் படிப்பவர்கள் கணக்கில் சேராமல் போகிறார்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டு, ஆண்பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு என்பதைவிட மூன்றில் ஒருவருக்குப் படிப்பு உண்டு என்று சொல்வதே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார். பள்ளிக்குப் போவது, வீட்டில் படிப்பது என்ற இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கம் அக்காலத்தவர்க்கு இல்லை. பள்ளி இருந்ததே ஒரு வீட்டில்தானே.

அதே குறிப்பில் வாத்தியாரின் வரும்படியும் இருக்கிறது. மாணவன் ஒருவனுக்கு மாதம் நான்கணா முதல் ஆறணா, எட்டணா வரை. இவ்வாறு வாத்தியாருக்குச் சேர்வது மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இராது. இந்த வருவாய்க்குத் தகுதியுள்ளவர்கள் இத்தொழிலுக்கு வரமாட்டார்கள் என்று மன்றோ வருந்துகிறார். காசாக வராதது அரிசியாகவும் காய்கறியாகவும் எண்ணெயாகவும் வந்தது. நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் அலங்கரித்துக்கொண்டு வீடுவீடாய்ப் பாடிப் போய் உபாத்தியாயருக்குக் காசும் வேட்டியும் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தத் திருநாள் பிள்ளைகளுக்கு ஆனந்தம். ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரு திருநாளை எதிர்பார்த்திருந்த மனிதருக்கு அது எப்படியிருந்ததென்று அவரையே கேட்டால்தான் தெரியும்.

திண்ணை மலிவாயிருந்தது, ஆனால் திண்ணை ஒரு வீட்டினுடையது. யார் அதில் ஏறலாம், யார் கீழே தெருவில் நிற்கலாம், யார் அந்தத் தெருவிலேயே நடக்கக்கூடாது என்பதையெல்லாம் அந்த வீட்டின் ஜாதி தீர்மானித்தது. கலெக்டர்களின் பட்டியல்களில் பெண்குழந்தைகள் மிகச் சிலராகவே காணப்படுகிறார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் ஊர்த் திண்ணையில் உட்காருவதற்கு இடமே இல்லை. சவேரியாரின் மணி இதில் ஒரு விதத்தில் வேறுபட்டது. அது எல்லா வாசலுக்கும் கேட்டது, ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டது. அது கற்பித்தது மந்திரத்தை மட்டும், எண்சுவடியை அன்று என்பது அதன் குறை. ஏடறிந்த திண்ணை எல்லோரையும் ஏற்றவில்லை; எல்லோரையும் அழைத்த மணி முழுப்பாடத்தையும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையிலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் இடையன்குடியிலிருந்தும் பரவிய மிஷன் பள்ளிகள் அந்த இரண்டையும் ஓரளவு சேர்த்து வைத்தன. திருநெல்வேலிச் சீமை பின்னர்ப் படிப்பில் முந்தியதற்கு அது ஒரு காரணம்.

1854-ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்துக்குப் பின் துரைத்தனத்தார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கினார்கள். பரீட்சையில் தேறும் மாணவர்களின் தொகைக்குத் தக்கபடி பணம் என்ற விதி 1860-களில் வந்தது. மானியம் வேண்டுமானால் வருகைப் பதிவேடு வேண்டும், கற்பலகை வேண்டும், அச்சுப் புத்தகம் வேண்டும், ஒப்புக்கொள்ளப்பட்ட பயிற்சி பெற்ற வாத்தியார் வேண்டும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மணலைப் பெருக்கி ஒளித்திருப்பார்கள். மணலும் ஓலையும் கொடுத்ததைக் கற்பலகையும் குச்சியும் கொடுக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இதுவரை ஊரிலேயே விளைந்த கருவி இனிமேல் கடையிலிருந்து வர வேண்டியதாயிற்று, படிப்புக்கு முதன்முதலாக ஒரு சாமான் பட்டியல் உண்டாயிற்று. அடுத்த தலைமுறையில் திண்ணைப் பள்ளிகள் பல, தாமே ‘எலிமெண்டரி ஸ்கூல்’ என்று பலகை மாட்டிக்கொண்டன, மாட்டிக்கொள்ளாதவை மறைந்தன.

சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பழைய பிரச்சினை அரசியல் மேடைக்கே வந்தது. 1953-இல் முதல்வர் இராஜகோபாலாச்சாரியார், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். கட்டடமும் ஆசிரியரும் போதாத நாட்டில் இருப்பதைக்கொண்டு இருமடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சிக்கனம் என்று அவர் கருதினார். குலத்தொழிலில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். கீழவைப்பாரில் நின்று பார்த்தால் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. குளியாளின் மகனுக்கு மூச்சடக்கக் கற்பிக்க அரசாங்கத்தின் ஆணை வேண்டியதில்லை. அவனுக்குக் கிடைக்காதிருந்தது அந்தச் செவ்வுக் கணக்கு. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, 1956-இல், கீழவைப்பாருக்கு மேற்கே பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் அது ஊரார் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் நடந்தது. பிறகே சர்க்கார் பணம். வித்தை கற்பிப்பதற்கு இடத்தையும் கருவியையும் பற்றி யோசித்தவர்கள் அதுவரை பலர். படிக்க வந்த பிள்ளையின் பசியைச் செலவுக் கணக்கின் தலைப்பில் எழுதியவர் அவர். ஐந்தாண்டுகளில், 1961-இல், தூத்துக்குடிக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. சல்லடைகளுக்கும் செவ்வுக் கணக்குக்கும் வேலையற்றுப் போன அதே தலைமுறையில் குளியாட்களின் பிள்ளைகள் சத்துணவுக்கு முந்தைய அந்த மதிய உணவைத் தின்று ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள்.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் நெடுநாள் பூட்டிக் கிடந்தபின், 2021 அக்டோபரில், தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய முதலியார்குப்பத்தில் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர்; வகுப்பு நடந்தது யாரேனும் ஒருவர் வீட்டு முற்றத்தில், மொட்டை மாடியில், தெருவோரத்தில், கோயில் வாசலில். சிமெண்டு வீடுகள் வந்தபின் திண்ணைகள் அருகிவிட்டன. ஆகவே பாய் விரித்தார்கள். மிகப் பெரும்பாலான தன்னார்வலர்கள் பெண்கள், அந்தந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் பிறந்து வளர்ந்தவர்களும். ‘அக்கா’ என்று பிள்ளைகள் கூப்பிடும் இவர்களுடைய பாட்டிகளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்கவே இடமிருந்ததில்லை. கரும்பலகைக்குப் பதிலாகச் சுவரொட்டிகள், அட்டைகள், விளையாட்டுப் பொருள்கள் என்று அரசு ஒரு பை கொடுத்தது. மற்றவை எல்லாம் அவர்கள் வீட்டுப் பண்டங்கள். மாத ஊக்கத்தொகை அப்போது ஆயிரம் ரூபாய். ஆறேழு ரூபாய் போதாதென்று 1826-இல் ஒரு கவர்னர் எழுதி வைத்த குறிப்பை இத்திட்டத்தை வகுத்தவர்கள் படித்திருப்பார்களோ, என்னவோ.